கண், தறி, வாசல்

எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேச மாட்டோம். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் ஏன் எப்போதும் கோபமாகவே இருக்கிறேன் என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேட்டார்கள். கோபமெல்லாம் இல்லை. எங்கள் அப்பா சங்கரன்கோவிலில் பவர்லூம் தறி ஓட்டினார், அவ்வளவுதான். தறிக்கூடத்துக்குள் ஒரு தடவை போய் நின்றவர்களுக்கு இது புரிந்துவிடும். அங்கே சத்தம் காதில் கேட்பதில்லை, நெஞ்செலும்பில் கேட்கும். வாலிபத்திலிருந்து அதற்குள்ளேயே நின்ற மனிதருக்குக் காது எவ்வளவு மிஞ்சும்? அப்பாவுக்குப் பாதிக்கு மேல் போய்விட்டது. வீட்டில் அவரோடு பேசிப் பேசி எங்கள் தொண்டையும் அப்படியே ஆகிவிட்டது.

ஆனால் தறிக்கூடத்துக்குள் யாரும் கத்த மாட்டார்கள். கத்தியும் பிரயோஜனம் இல்லை. எதிராளியின் உதட்டைப் பார்ப்பார்கள், கையால் பதில் சொல்வார்கள். கட்டைவிரலை வாய்ப் பக்கம் சாய்த்தால் டீ. சுட்டுவிரலைச் சுழற்றினால் நூல் தீர்ந்துவிட்டது. மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். முதலாளிக்கு மீசையே கிடையாது. அவருடைய அப்பாவுக்கு இருந்திருக்கிறது. மகன் மழித்துக்கொண்டாலும் சைகையை மாற்ற யாருக்கும் மனசில்லை. மதியம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன நாட்களில் இதையெல்லாம் நான் வெறி பிடித்த மாதிரி கற்றுக்கொண்டேன். அம்மா பூ கட்டுகிறவள், தறிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. ஆகவே வீட்டில் அப்பாவின் கை பேசுவது எனக்கு மட்டும்தான் விளங்கும். அதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

அந்தச் சைகைகளில் ஒன்றைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஒவ்வொருவரும் நாலைந்து தறிகளை ஒரே நேரத்தில் ஓட்டுவார். அவசரத்துக்கு வெளியே போக வேண்டுமென்றால் தறியை நிறுத்த முடியாது. பக்கத்துத் தறிக்காரர் இரண்டு விரலைத் தன் கண்ணுக்குக் கீழே தொட்டு, உன் தறியைக் காட்டி, பிறகு உள்ளங்கையை வாசல் பக்கம் வீசுவார். நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். கண், தறி, வாசல். அது கிடைக்காமல் யாரும் இடத்தை விட்டு நகர மாட்டார்கள். கிடைத்துவிட்டால் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். திரும்பிப் பார்த்தால், பார்த்துக்கொள்கிறேன் என்றவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். அது அங்கே பெரிய மரியாதைக்குறைவு.

அப்பா இதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்த ஒரு நாள், மைதானத்துக்கு அந்தப் பக்கம் என் டீச்சர் இன்னொரு டீச்சரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா இந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் நின்றபடி அந்த உதட்டையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீ ஒரு எடத்துல இருக்க மாட்டியாம்லா. சொல்லுதாவ."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. நிஜம்தான். கபடி, பாட்டு, அறிவியல் கண்காட்சி என்று எதையாவது பிடித்துக்கொண்டு ஓடுவேன், பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுவேன்.

"இருக்கவும் வேண்டாம் மக்கா. நான் ஒரே எடத்துல நின்னது போதும்" என்றார்.

அதற்குப் பிறகு நான் எதற்குக் கிளம்பினாலும் அந்தக் கை எழும். பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் சேர்ந்தபோது பஸ் ஸ்டாண்டில், பஸ் ஜன்னலுக்குக் கீழே நின்று செய்தார். சென்னைக்குக் கிளம்பியபோது ரயில்வே பிளாட்பாரத்தில் செய்தார். கண்ணைத் தொடுவார், அம்மாவையோ வீட்டுத் திசையையோ காட்டுவார், கையை வீசுவார். நானும் தறிக்கூடத்து வழக்கப்படி திரும்பிப் பார்க்காமல் போய்விடுவேன். தைரியசாலி என்று என்னைச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்குப் பின்னால் ஒருவர் என் தறியைப் பார்த்துக்கொண்டு நின்றார், அதனால் போனேன். என்னுடைய தைரியம் மொத்தமும் அதுதான்.

போன வருஷம் அப்பாவின் நுரையீரல் கைவிட்டது. இழுப்பு என்று ஊரில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரைத் திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூச்சுக்கு மாஸ்க் வைத்திருக்கிறார்கள், பேச முடியவில்லை என்று அம்மா போனில் சொன்னாள். அடுத்து அவள் சொன்னதுதான் என்னை உலுக்கியது.

"என்னத்தையோ சொல்லணும்னு கைய ஆட்டிக்கிட்டே கெடக்காவ. எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஒனக்குத்தான் தெரியும். வந்துரு."

ரயிலில் வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். என்ன சொல்ல வருகிறார்? எங்களிடம் இத்தனை நாள் சொல்லாத எதையாவதா? வலிக்கிறது, போதும், எடுத்துவிடுங்கள் என்றா? அப்படிக் கேட்டால் நான் அதை யாரிடம் போய்ச் சொல்வேன்? அவர் கையைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். நான் போவதற்குள் அந்தக் கை நின்றுவிடக் கூடாது என்பது மட்டும்தான் என் வேண்டுதல்.

காலையில் வார்டுக்குள் போனேன். அப்பாவின் இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். நான் நின்ற நிலையைப் பார்த்து நர்ஸ் பக்கத்தில் வந்தார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, தன்மையாகத்தான் சொன்னார்.

"கைய வீசி வீசி மாஸ்க்க தட்டி விட்டுருதாரும்மா. அது எறங்கினா மூச்சு எறங்கிருது. அதான்."

நான் பக்கத்தில் இருக்கிறேன், ஒரு கையை மட்டும் அவிழ்த்துவிடுங்கள் என்று கேட்டேன். அவரே அவிழ்த்தார். அப்பாவுக்குத் தெரிவது போல என் முகக்கவசத்தை இறக்கி, என்னப்பா என்று உதட்டை மட்டும் அசைத்தேன். அவர் கண் என் உதட்டில் வந்து நின்றது.

கை எழுந்தது. இரண்டு விரல் கண்ணுக்குக் கீழே போகப் பார்த்தது. அங்கேதான் மாஸ்க்கின் விளிம்பு இருந்தது. விரல் அதில் இடித்தது, மாஸ்க் நகர்ந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அந்தக் கை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்த அம்மாவைக் காட்டியது. அப்புறம் வாசலை. மறுபடியும் கண், அம்மா, வாசல்.

இவ்வளவுதான். வந்த நாள் முதல் அவர் சொல்லிக்கொண்டு கிடந்தது இதுதான். கட்டில் பக்கத்தை விட்டு நகராமல் கிடக்கும் அம்மா எழுந்து வெளியே போய்ச் சாப்பிட வேண்டும். கட்டிலில் கட்டப்பட்டுக் கிடந்தவர், நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்.

அம்மாவை எழுப்பிச் சொன்னேன். அவள் அவர் கையையே பார்த்தாள்.

"சாப்பாட்டுக்கா இம்புட்டுப் பாடு?" என்றாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், முடிக்க முடியவில்லை.

நான் இருக்கிறேன், நீ மட்டும் போய் வா என்று அவளிடம் சொன்னேன். அப்பா என்னையும் சேர்த்துக் கையை வீசினார். ரயிலில் நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது எப்படியோ தெரிந்திருக்கிறது. நர்ஸ் தலையாட்டினார். இரண்டு பேரும் கிளம்பினோம். வார்டு வாசலில் எனக்குக் கழுத்து திரும்பப் பார்த்தது. திரும்பவில்லை. அவர் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

எதிர் ஹோட்டலில் அம்மா இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்தாள். நான் தோசை தின்றேன், நன்றாகவே பசித்தது. படியேறித் திரும்பி வந்தபோது நர்ஸ் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் வாயைத் திறக்கவில்லை. படிக்க உதடு எதுவும் தேவைப்படவில்லை.

காரியங்கள் முடிந்து சென்னைக்குக் கிளம்பும் நாள் வந்தது. அம்மாவையும் கூப்பிட்டேன். பூவையும் சந்தையையும் விட்டுவிட்டு அங்கே வந்து என்ன செய்ய என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினேன். அதற்கு மேல் கால் போகவில்லை. எதற்காக நிற்கிறேன் என்று எனக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்தக் கை எழ வேண்டும் என்பது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? பஸ்ஸுக்கு நேரமாகலியாட்டி என்று கேட்டாள்.

போயிட்டு வாரேன் என்று சத்தமாகவே சொன்னேன். தெருமுனைக்குப் போவதற்குள் பலமுறை திரும்பிப் பார்த்தேன்.