மாடத்தியின் கட்டம்

நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் ஆபீஸில் பாண்டிச்செல்விக்கு வேலை கிடைத்ததே அவள் அக்கா மாடத்தி செத்ததால்தான். 2004 தீபாவளி சீசனில் ஏழாம் நம்பர் ரூம் வெடித்து, மாடத்தியோடு ரோஜா என்று இன்னொருத்தியும் போனாள். எல்லாம் மாடத்தியின் கவனக்குறைவு என்று மேனேஜர் கண்ணுச்சாமி சொல்லிவிட்டார். ஊரும் நம்பியது. தெருக்குழாயில் அம்மா சுப்புலட்சுமி குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். ரோஜாவின் புருசன் முத்துப்பாண்டி அதே கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். பாண்டிச்செல்வியைக் கண்டால் காறித் துப்பிவிட்டுத்தான் அந்தப் பக்கம் போவான்.

தமிழ் டைப்பிங்கில் ஹையர் பாஸாகி, சிவகாசியில் கம்ப்யூட்டரும் படித்திருந்த தங்கச்சிக்குக் கண்ணுச்சாமி நாற்காலி கொடுத்தார். "ஒங்கக்கா செஞ்ச வேலைக்கு வேற கம்பெனியா இருந்தா வாசப்படி ஏத்த மாட்டாக. நெனப்புல வச்சுக்க" என்றார்.

"சரிங்க சார்" என்றாள். வைத்துக்கொண்டாள், இரண்டு வருசம்.

2006 ஆனியில், பத்து வருட விபத்துப் பதிவுகளைப் பார்க்க விருதுநகரிலிருந்து அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. போர்மேன்கள் எழுதிய பழைய நோட்டுகளை எல்லாம் கண்ணுச்சாமி அவள் மேசையில் போட்டார். அடுக்கி வைத்ததோடு சரி, அவற்றை அவர் ஒருநாளும் பிரித்ததில்லை.

"எக்செல்ல ஏத்திரு. தேதி, ரூம், பேரு, காரணம். ஆளுக்கு ஒரு வரி. கட்டத்துக்குள்ள அடங்கணும், அடங்காததை வெட்டிரு."

"சிலது ரெண்டு பக்கம் இருக்கே சார்."

"அந்தப் பெத்தணனா? அவனுக்கு வேறென்ன சோலி? மொத வார்த்தை போதும்."

பெத்தணன் வேலையை விட்டுச் சாத்தூரில் மகனோடு போய்ச் சேர்ந்திருந்த போர்மேன். அவர் நோட்டில் மாடத்தி இருந்த பக்கத்தை அவள் நின்றுகொண்டே படித்தாள்.

'கவனக்குறைவு என்று எழுதச் சொல்லி மேனேஜர் உத்தரவு. நான் கண்டது வேறு. நாலு பேர் இருக்கவேண்டிய ரூமில் அன்று ஒன்பது பேர். பின்வாசலை மறித்து அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தது. அதை எடுக்கச் சொல்லி மாடத்தி காலையிலேயே மேனேஜரிடம் கேட்டாள். லோடு ஏறட்டும், அப்புறம் பார்ப்போம் என்றார். மருந்தில் தீப்பிடித்தது முன்வாசல் பக்கம். மாடத்தி ரோஜா கையைப் பிடித்துக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினாள். இருவரும் பெட்டியைத் தாண்ட முடியாமல் உள்பக்கமே கிடந்தார்கள்.'

ஓர் எழுத்து விடாமல் முழுவதையும் ஒரே கட்டத்தில் அடித்தாள். அடுத்த கட்டம் காலியாக இருந்ததால் எழுத்து அதன்மேல் வழிந்து ஓடியது. அங்கே 'முடிந்தது' என்று ஒரு சொல்லைப் போட்டாள், வழிவது நின்றுவிட்டது. கட்டத்தின் ஓரக் கோட்டைப் பிடித்து இழுத்து, 'கவனக்குறைவு' வரைக்கும் தெரிகிற அகலத்தில் நிறுத்தினாள். கட்டத்தில் உள்ளதை முழுசாகக் காட்டிக்கொடுக்கும் மேல்பட்டை ஒன்று உண்டு. அதையும் அணைத்து வைத்தாள்.

அன்றைக்கு வீட்டில் இரண்டாம் தடவை சோறு வாங்கினாள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னடி, அதிசயமா இருக்கு?"

"பசிக்குதும்மா."

கண்ணுச்சாமி திரைமேல் கோடு போடும் அடிக்குச்சியை வைத்து வரிவரியாகப் பார்த்தார். "மாடத்தி. கவனக்குறைவு. முடிந்தது. பாத்தியா, எம்புட்டு அம்சமா இருக்கு" என்றார். 'பதிவுகள் அனைத்தையும் நானே சரிபார்த்தேன்' என்ற தாளில் கையெழுத்தும் போட்டார்.

அதிகாரி லட்சுமிகாந்தம் வந்த காலையில், லோடு சீட்டு வாங்க வரும்படி முத்துப்பாண்டிக்கு அவளே ஆள் விட்டிருந்தாள். அவன் வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

"பிரிண்ட் போடும்மா" என்றார் அதிகாரி.

காரணம் என்ற பத்தியை முழுசாகத் தேர்ந்து, எழுத்து மடங்கி விழும்படி ஒரு டிக் போட்டாள். மாடத்தியின் வரி புளித்த மாவு மாதிரி உப்பிக் கீழே இறங்கியது. ஒரு தாளில் முடியவேண்டியது, மிஷின் கத்திக் கத்தி இரண்டு தாளாக வந்து விழுந்தது.

படித்துக்கொண்டே போன அதிகாரி ஓரிடத்தில் நின்றார். "இங்கன என்னமோ எழுதியிருக்கே?"

கண்ணுச்சாமி எட்டிப் பார்த்தார். "சார், இந்தப் பிள்ளை இட்டுக்கட்டி..."

பாண்டிச்செல்வி பெத்தணன் நோட்டை அதே பக்கத்தில் விரித்து வைத்தாள். "நான் ஒரு எழுத்துச் சேக்கலை சார். இவுகதான் அடிக்குச்சி வச்சுப் பாத்தாக."

அதிகாரி கையெழுத்துத் தாளை எடுத்தார். "இது உங்களதுதானே? அப்ப நீங்களே படிங்க."

"சார், தனியா..."

"சத்தமா."

கண்ணுச்சாமி படித்தார். ஒன்பது பேர் என்ற இடத்தில் குரலை இறக்கினார். வாசலில் நின்ற முத்துப்பாண்டி திரும்பினான். "பின்வாசலை மறித்து அட்டைப்பெட்டி... அதை எடுக்கச் சொல்லி காலையிலேயே..."

"பேரை விட்டுட்டீக சார்" என்றாள் பாண்டிச்செல்வி.

அவர் அவளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"மாடத்தி" என்றார் கண்ணுச்சாமி.

"வாசல்ல நிக்கிறவருக்குக் கேக்கலை சார். மொதல்ல இருந்து படிங்க."