ஹெக்டருக்குத் துக்கச் சாப்பாடு

ஆகஸ்ட் மாதத்து முதல் திங்கள் விடுமுறை வந்துவிட்டால் கனடாவின் சமவெளியில் இருக்கும் எங்கள் மூஸ் ஜா ஊரில் நாய்கூடக் குரைக்காது. வீட்டைப் பூட்டி, வண்டிக்குப் பின்னால் படகை மாட்டிக்கொண்டு ஊரே ஏரிக்குப் போய்விடும். போகாதவர்களை நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். வெர்லா ஸ்டெபனியுக் ஒரு வருஷமும் போனதில்லை. “ஏரியில என்ன இருக்கு? கொசுவும் லைலும்தான்” என்பாள்.

லைல் எங்கள் சபைக் குழுவின் தலைவர். வெர்லா காலமெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். தேவாலயத்தின் கீழ்த்தளத்துச் சமையலறை அவள் கையில் இருந்தது. எங்கள் சபையில் யார் செத்தாலும், அடக்கம் முடிந்ததும் எல்லோரும் படியிறங்கி அங்கேதான் வருவார்கள். முட்டை சாண்ட்விச், ஊறுகாய் வெள்ளரி, சதுரம் சதுரமாக வெட்டிய கேக், பெரிய பாத்திரத்தில் காப்பி. இது இல்லாமல் ஒரு மனிதன் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததாக நாங்கள் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. நான் அங்கே ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிறவள். ஓரம்வரை தடவாவிட்டால் வெர்லா கையைத் தட்டிவிடுவாள். அவளோடு நான் சண்டை போடாத மாதம் கிடையாது.

சனிக்கிழமைகளில் அவள் மருத்துவமனை வாசலில் காப்பி விற்பாள். அந்த விடுமுறைச் சனிக்கிழமை, மடியில் ஓர் ஆணின் காலணிகளை வைத்துக்கொண்டு ஒரு பெண் நாற்காலியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். வெர்லா கேட்காமலே ஒரு காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“யாருக்காகம்மா காத்திருக்கீங்க?”

“யாருக்காகவும் இல்ல. என் வீட்டுக்காரர் காலையில போயிட்டாரு. லீவாம், செவ்வாய்க்கிழமை வரைக்கும் எந்த ஆபீசும் திறக்காதாம். அதுக்கப்புறம்தான் அவரை ஊருக்குக் கொண்டுபோக முடியுமாம்.”

அவர் பெயர் யூனிஸ். கணவர் ஹெக்டர், கிழக்கே கேப் பிரெட்டன் தீவில் மீன்பிடித்தவர். பிள்ளைகள் இல்லை. மேற்குக் கரையின் கடலையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று இருவரும் படுக்கையும் அடுப்பும் உள்ள வீட்டு வண்டியில் கிளம்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை, அப்படிப்பட்ட வண்டிகள் இரவு தங்கும் எங்கள் ஊர் முகாமில் நிறுத்தினார்கள். விடிந்தபோது ஹெக்டர் எழுந்திருக்கவில்லை.

“ஊர்ல சொந்தக்காரங்க காத்திருப்பாங்களே?” என்று கேட்டாள் வெர்லா.

“யாரு இருக்கா? அவரோட கடலுக்குப் போனவங்க எல்லாரும் அவருக்கு முன்னாடியே போயிட்டாங்க.”

“அப்படின்னா திங்கக்கிழமை ரெண்டு மணிக்கு எங்க தேவாலயத்துல அவருக்குத் துக்கச் சாப்பாடு” என்றாள் வெர்லா.

அன்று மாலை நான் பக்கத்தில் இருக்கும்போதே வெர்லா ஏரியில் இருந்த லைலுக்குப் போன் போட்டாள். பின்னால் படகு மோட்டார் இரைவது கேட்டது.

“அவரு நம்ம சபையா?” என்றார் லைல்.

“இல்ல.”

“நம்ம ஊரா?”

“செத்தது நம்ம ஊர்லதானே? அது போதாதா?”

“வெர்லா, உறுப்பினர்களுக்கு மட்டும்தான்னு குழுவுல முடிவு பண்ணியிருக்கோம். போதகரும் ஊர்ல இல்ல. ஒருத்தருக்குத் திறந்தா ஊர்ல போறவன் வர்றவன் எல்லாம் கேப்பான்.”

“கேக்கட்டுமே. போறவன் வர்றவனுக்கெல்லாம் சாவு வராதா?”

“பிடிவாதம் பண்ணாதீங்க. என் பேச்சை மீறித் திறந்தீங்கன்னா சாவியைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடுங்க.”

“சரி, அதையும் நேர்ல வந்து வாங்கிக்கோ” என்று போனை வைத்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. அந்தச் சமையலறை போனால் அவளுக்கு வேறு எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

“எதுக்கு வம்பு? என் வீட்டுல வச்சுக்கலாமே” என்றேன்.

“வீட்டுல வச்சா அது விருந்து. கீழ்த்தளத்துல வச்சாத்தான் துக்கச் சாப்பாடு.”

“சரி, யாருடி வருவா? ஊரே காலி. அந்த மனுஷன் மூஞ்சியைப் பார்த்தவங்ககூடக் கிடையாது.”

“பார்த்தவங்க இருக்காங்க” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தன் பழைய வண்டியில் ஊரைச் சுற்றினாள். வெள்ளிக்கிழமை ஹெக்டர் எங்கெல்லாம் நின்றார் என்று யூனிஸிடம் கேட்டு வைத்திருந்தாள். பெட்ரோல் பங்க், டோனட் கடை, முகாம். ஒவ்வொரு இடமாகப் போய், யார் அவரோடு பேசியது என்று விசாரித்து, திங்கள் இரண்டு மணிக்கு வந்தே தீர வேண்டும் என்றாள். அவள் கேட்டால் அது கேள்வி மாதிரி இருக்காது. எங்கள் ஊரில் பாதிப் பேர் அவள் பேருந்தில் போய்ப் படித்தவர்கள்.

திங்களன்று நாங்கள் கதவைத் திறந்து, ரொட்டி வெட்டி, காப்பி போட்டோம். ஏழெட்டுப் பேர்தான் வந்தார்கள். வெர்லாவே ஜெபம் சொன்னாள், அதுவும் பேருந்தில் பிள்ளைகளை அதட்டும் குரலில். பிறகு வழக்கப்படி ஒவ்வொருவராக யூனிஸின் கையைப் பிடித்து, போனவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்கள்.

“இந்த வெட்டவெளியில காத்தடிச்சா நீங்கல்லாம் எங்கப்பா ஒளிஞ்சுக்குவீங்கன்னு கேட்டாரு” என்றார் பெட்ரோல் பங்க்காரர். “இன்னும் யோசிச்சுட்டு இருக்கேன்.”

டோனட் கடைப் பெண் சொன்னாள்: “ரெண்டு டோனட் வாங்கினாரு. ஒண்ணை அங்கயே தின்னுட்டு, வீட்டுல சொல்லிடாதம்மான்னாரு.”

“எனக்குத் தெரியும். மீசையில சர்க்கரை இருந்துச்சு” என்றார் யூனிஸ். மூன்று நாளில் முதல் முறையாகச் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. எனக்கும் அடக்க முடியவில்லை.

பாத்திரங்களை உள்ளே கொண்டுவந்தபோது லைல் படியிறங்கி வந்தார். யாரோ சொல்லியிருக்க வேண்டும். அரைக்கால் சட்டை, வெயிலில் தோலுரிந்த மூக்கு. நேராகச் சமையலறைக்கு வந்து கையை நீட்டினார்.

“சாவி.”

“கை ஈரமா இருக்கு. கழுவி முடிச்சிட்டுத் தர்றேன்” என்றாள் வெர்லா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அப்போது யூனிஸ் உள்ளே வந்தார். துக்க வீட்டார் அந்த வாசலைத் தாண்டக் கூடாது, ஒரு கரண்டியைக்கூடத் தொடக் கூடாது. மேயர் வீட்டம்மாவையே வெர்லா வெளியே அனுப்பியிருக்கிறாள்.

“சனிக்கிழமையிலேர்ந்து எல்லாரும் என்னை உட்காரு உட்காருன்னே சொல்றாங்க” என்றார் யூனிஸ். “இனிமே என்னால உட்கார முடியாது.”

வெர்லா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். யூனிஸ் ஒரு கோப்பையைத் துடைத்துக்கொண்டே லைலைப் பார்த்தார்.

“நீங்க எங்க ஹெக்டரைப் பார்த்திருக்கீங்களா?”

“இல்லங்க. நான் ஏரியில…”

“அப்ப உட்காருங்க, சொல்றேன்.”

லைல் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு ரொட்டிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். ஹெக்டர் தன் முதல் படகை வாங்கிய கதையிலிருந்து யூனிஸ் ஆரம்பித்தார்.