பயிற்சியாளர் பெயரில் நான் எழுதிய பதில்கள்

ஒரு முதிய பெண்மணியை நான் ஏமாற்றினேன். அவர் விழுந்து எலும்பு முறிந்ததற்கும் நானே காரணம். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை... உங்களிடம் சொல்கிறேன்.

சிறுசேரியில், உடல்நல ஆலோசனை தரும் கைபேசிச் செயலி ஒன்றைச் சோதிப்பது என் வேலை. வெளியிடுமுன் சிலரிடம் கொடுத்துப் பார்த்தோம். அவர்களில் ஒருவர் ரூத் டீச்சர். ஓய்வு பெற்றவர், சர்க்கரை நோயாளி, சிட்லபாக்கத்தில் தனியாக வசிப்பவர்.

‘இன்று நடந்தீர்களா?’ என்று ‘கோச்’ (பயிற்சியாளர்) என்ற பெயரில் செயலி கேட்கும். மற்றவர்கள் ‘ஆம்’, ‘இல்லை’ என்பதோடு சரி. டீச்சரோ கடிதமே எழுதுவார்.

“ஏரிக்கரையில ரெண்டு ரவுண்டு போனேன் கோச். ஒரு நாய்க்குட்டி கூடவே வந்துச்சு. நீங்க சாப்டீங்களா?”

சாப்பிட்டாயா என்று தாம்பரத்து ஒற்றை அறையில் என்னைக் கேட்க யார் இருந்தார்கள்?

அவருடைய கணக்கில் மட்டும் செயலியின் தானியங்கிப் பதிலை நிறுத்திவிட்டு, நானே எழுதத் தொடங்கினேன். அதற்கு வசதி இருந்தது; அனுமதி இல்லை. மூன்று மாதங்கள்! அவர் கணவர் இறந்த மாலையைப் பற்றிக்கூட என்னிடம் எழுதினார். நான் பயிற்சியாளரே இல்லை, செயலியைச் சோதிக்கும் பெண் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

ஒருநாள் எழுதினார்: “மாத்திரை மாத்தினதுல இருந்து நடந்தா தலை சுத்துது கோச்.”

செயலி இயங்கியிருந்தால் மருத்துவக் குழுவுக்கு அக்கணமே எச்சரிக்கை போயிருக்கும். நானாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் உரையாடலைத் திறந்து பார்ப்பார்கள்... வேலை போகும், டீச்சரும் போய்விடுவார். எதற்கு அதிகம் அஞ்சினேன்? இன்றும் தெரியவில்லை.

‘தண்ணீர் குடித்து ஓய்வெடுங்கள்’ என்று எழுதினேன். அவ்வளவுதான்!

மறுநாள் காலை ஏரிக்கரையில் மயங்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

உரையாடலை அழித்துவிட்டு, கருத்துப் படிவத்துடன் அவர் வீட்டுக்குப் போனேன். படுக்கையில் இருந்தார்.

“வாம்மா. உங்க ஆப்ல ஒரு கோச் இருக்காங்களே, தங்கமானவங்க. நான் விழுந்தது அவங்களுக்குத் தெரியாது. பக்குவமா சொல்லும்மா, பாவம், பயந்துடப் போறாங்க.”

“சொல்றேன் டீச்சர்.”

படிவத்தை நீட்டினேன். ‘செயலியில் குறை ஏதும் உண்டா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று அவர் எழுத, கீழே நான் கையெழுத்திட்டேன்.

சோதனை முடிந்துவிட்டது. ஆனாலும் அவர் எழுதுகிறார்.

“கோச், இன்னிக்கு வாக்கர் புடிச்சு வாசல் வரைக்கும் போனேன். ஏன் பேசமாட்டேங்கறீங்க? என் மேல கோபமா?”

படிக்கிறேன்... ஒவ்வொன்றையும் படிக்கிறேன்.