சம்பளமில்லாமல் பெண் பார்க்கப் போனது

பட்டாளத்தில் வேலை என்று எங்கள் ஊர் கல்லல் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். உண்மையில் பூனாவில் ஒரு ராணுவக் கிடங்கில் குமாஸ்தா. துப்பாக்கியைப் பார்த்ததுகூட வாசல் காவலர் தோளில்தான்.

1968 வைகாசியில், பெண் பார்க்க உடனே வரச்சொல்லி ஆத்தா ஆள் வைத்துக் கடிதம் எழுதியிருந்தாள். என்னிடம் ஒரு நாள் லீவுகூட மிச்சமில்லை. என்னைப் போன்றவர்களுக்கென்றே எங்கள் விதியில் ஒன்று உண்டு. வேறு எந்த லீவும் இல்லாதவனுக்கு மட்டும் கொடுப்பார்கள்; சம்பளம் கிடையாது. பெயர் மட்டும் பிரமாதம், அசாதாரண விடுப்பு. அதை வாங்கிக்கொண்டு ரயிலேறினேன்.

ஊருக்கு வந்த பிறகுதான் பெண் யார் என்று தெரிந்தது. அமராவதிபுதூர் பெத்தன் அம்பலத்தின் மகள் சாலா. நானும் ஆத்தாவும் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்ததும் அம்பலம் கேட்டார்.

"தம்பி சண்டைக்கெல்லாம் போவீகளா?"

"இல்லைங்கய்யா. எழுத்து வேலை."

"அப்ப சர்க்கார் வேலை இல்லையா?"

எனக்குச் சுருக்கென்றது. சட்டைப்பையிலிருந்த லீவு உத்தரவை எடுத்து நீட்டினேன். அதில் சிங்க முத்திரை இருக்கிறது என்ற திமிர். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்ற தைரியம். அவரோ கதவுக்குப் பின்னால் நீட்டினார். "சாலா, என்ன எழுதியிருக்குன்னு சொல்லுத்தா."

பெண் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

"சம்பளம் கிடையாதுன்னு போட்டிருக்குப்பா."

"வேலையை விட்டு அனுப்பிட்டாகளா?" என்றார் அம்பலம். வாசற்படி வரை வந்த காபித் தட்டு உள்ளே திரும்பிவிட்டது.

ஆபீசில் பேசுவது போல விதியை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். வேலை பத்திரமாக இருக்கிறது, மற்ற லீவெல்லாம் தீர்ந்தவனுக்குத்தான் இது என்றேன்.

"மத்த லீவெல்லாம் எங்க போச்சுன்னு கேளுங்கப்பா" என்றது குரல்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஆத்தா கிள்ளியும் பொய் வரவில்லை.

"பொண்ணு பார்க்கத்தான் போச்சு. மூணு வருசத்துல அஞ்சு இடம். ஒருத்தருக்குப் பூனா தூரம், ஒருத்தருக்கு நான் குட்டை. அஞ்சு பேருமே வேணாம்னுட்டாக."

ஆத்தா தலையில் கைவைத்துக்கொண்டாள். முன்பெல்லாம் வேண்டாம் என்றால் லீவு வீணாயிற்றே என்றுதான் வருத்தப்படுவேன். அன்று முதல் முறையாகப் பயந்தேன். முகம் தெரியாத அந்தக் குரலைவிட்டு எழுந்துபோக எனக்கு மனமில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து அதே குரல் வந்தது.

"சம்பளத்தை விட்டுட்டு வந்தது நம்ம வீட்டுக்கு மட்டுந்தானாப்பா?"

அம்பலம் என்னைப் பார்த்தார். வண்டி ஏறும்போது எந்த ஊர்ப் பெண் என்றே தெரியாது என்பதை நான் சொல்லியிருக்க வேண்டும். "ஆமாங்கய்யா" என்றேன். விதிப்படி அது பொய்யும் இல்லை.

காபியைச் சாலாவே கொண்டுவந்து வைத்தாள்.

ஆவணியில் கல்யாணம். அதற்கும் சம்பளமில்லாத விடுப்புதான். இந்த முறை, எந்த வீட்டுக்குப் போகிறேன் என்று தெரிந்து எழுதிக் கேட்டேன்.