ஆறாம் நாள் கையெழுத்து

நான் ஊரை விட்டுக் கிளம்பியது ஒரு வியாழக்கிழமை. பேருந்து நான்கு மணிக்கு. சித்தி மூன்றே முக்காலுக்கு மூச்சிரைக்க ஓடி வந்தாள். விரல் நுனியெல்லாம் சாக்பீஸ் தூள்.

"இன்னைக்கு உங்களுக்கு பிரேக்தானே சித்தி? காலேஜ்ல என்ன வேலை?"

"நாலஞ்சு பொண்ணுங்க வந்து நின்னுச்சுங்க. திரும்ப பரீட்சை எழுதணுமாம், ஒண்ணுமே புரியலையாம். மூணு மணி நேரம் நடத்திட்டு வர்றேன்." குரலைத் தாழ்த்திச் சிரித்தாள். "இதுல கூத்து என்னன்னா, பழக்க தோஷத்துல ரிஜிஸ்டர்ல கையெழுத்தும் போட்டுட்டேன்."

"சம்பளம் இல்லாத நாளுக்குக் கையெழுத்து போட்ட ஒரே ஆள் உலகத்துலயே உங்க சித்திதான்" என்றார் என்னை வழியனுப்ப முன்பே வந்து நின்றிருந்த சித்தப்பா.

மூன்று பேரும் சிரித்தோம். பேருந்து திரும்பும்போதும் அவள் சாக்பீஸ் விரல்களை ஆட்டிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

வேதியியல் துறையில் சித்திக்குப் பத்தொன்பது வருடம். ஆனால் காகிதத்தில் அவளுக்கு ஐந்து மாதத்துக்கு மேல் வயது ஏறியதே இல்லை. ஐந்து மாதப் பருவத்துக்கு ஒரு நியமன ஆர்டர். பருவம் முடிந்ததும் பதினொரு நாள் பிரேக். பன்னிரண்டாம் நாள் காலையில் அலுவலகத்திலிருந்து போன் வந்தால் மறுபடியும் புதிதாகச் சேர்ந்த ஆள். அடுத்தடுத்து இரண்டு பருவம் இடைவெளியில்லாமல் வேலை பார்த்தவர் நிரந்தரம் கேட்கலாம் என்று ஒரு விதி இருந்தது. இடைவெளி என்றால் சேர்ந்தாற்போல் பத்து நாளாவது வேண்டும். அதற்குத்தான் அந்தப் பதினொன்று. சித்தியின் கையெழுத்து விழுந்ததோ ஆறாம் நாளில். முன்னால் ஐந்து, பின்னால் ஐந்து என்று அந்த இடைவெளியை அது சரிபாதியாக வெட்டியிருந்தது. அவளுக்கு அது தெரியாது.

அவள் சேர்ந்தபோது துறையில் பதினொரு ஆசிரியர்கள், ஒன்பது பேர் நிரந்தரம். ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள். யார் இடத்துக்கும் யாரும் வரவில்லை. நாற்காலிகளை மட்டும் பழைய ஆய்வகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தார்கள். அதே சமயம் வாசலில் கண்ணாடிக் கட்டடம் எழுந்தது. கட்டணம் இரண்டு மடங்கானது. வகுப்பறைகளில் பெரிய திரைகளை மாட்டினார்கள். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. ஒரு விடுமுறையில் சித்தியை அழைத்து அவள் பாடங்களை ஒன்று விடாமல் படம் பிடித்தார்கள். அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்ததாம்.

நான் போய் ஐந்து மாதம் கழித்து, அந்தப் பருவத்தின் கடைசி வாரத்தில், அலுவலகக் கண்காணிப்பாளர் அவளைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். பத்தொன்பது வருடத்தில் அந்த அறையில் அவளுக்குக் கிடைத்த முதல் டீ.

"சின்ன விஷயம்தான் மேடம். போன பிரேக்ல உங்க கையெழுத்து ஒண்ணு விழுந்திருக்கு."

"ஆமா சார். அன்னைக்குப் பசங்களுக்கு கிளாஸ் எடுத்தேன்."

"எடுக்கல." அவர் புன்னகை மாறவே இல்லை. "'தவறுதலாக இடப்பட்டது'ன்னு எழுதி, அதை அடிச்சிட்டு, கீழ ஒரு கையெழுத்து போட்டுடுங்க. அவ்வளவுதான். நாளைக்குப் பத்து மணிக்குள்ள முடிச்சா நல்லது. அடுத்த பருவ ஆர்டர் டைப் ஆகி ரெடியா இருக்கு."

மேசைமேல் ஒரு தாளைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

அவளைப் போலவே பருவத்துக்குப் பருவம் ஆர்டர் வாங்கும் கணக்கு சார்தான் விதியை விளக்கினார். "அடிச்சிடாதீங்க மேடம். அவங்க நம்மளப் பார்த்துப் பயப்படறது இதான் முதல் தடவை. அந்தக் கையெழுத்து இருக்கிற வரைக்கும்தான் உங்களுக்கு டீ."

வீட்டில் சித்தப்பா வேறு மாதிரி சொன்னார். "இத்தனை வருஷம் பொறுத்தவ, பொண்ணு படிப்பு முடியற வரைக்கும் பொறுக்க மாட்டியா? இன்னும் ஒரு வருஷம். கோர்ட்டு, கேஸுன்னு அலைய நமக்கு ஏது தெம்பு?"

மறுநாள் காலை ஒன்பது மணியிலிருந்து அலுவலக வாசலில் நின்றிருக்கிறாள். "கையில போனை வச்சுக்கிட்டு அதையே பார்த்துட்டு இருந்தாங்க" என்று கணக்கு சார் பின்னால் என்னிடம் சொன்னார். "யார் போனுக்கு வெயிட் பண்றீங்கன்னு கேட்டேன். போனை முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டாங்க. மணி பத்தடிச்சதும் விறுவிறுன்னு உள்ள போயிட்டாங்க."

எழுதினாள். அடித்தாள். தன் கையெழுத்துக்கு எதிராகத் தானே கையெழுத்திட்டாள்.

பன்னிரண்டாம் நாள் போன் வரவில்லை. பதின்மூன்றாம் நாள் நேரில் போனாள். கண்காணிப்பாளர் நடையிலேயே நிறுத்திப் பேசினார்.

"உங்க பாடமெல்லாம் இனிமே ஸ்கிரீன்ல போகுது மேடம்."

"ஆர்டர் ரெடின்னு சொன்னீங்களே சார்?"

"டைப் ஆச்சு. கையெழுத்து ஆகலையே."

திரும்பும் வழியில் ஒரு வகுப்பறையைத் தாண்டினாள். உள்ளே இருட்டு. திரையில் அவளே நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். முதல் வரிசைப் பெண் ஒருத்தி சந்தேகம் கேட்கக் கையைத் தூக்கி, பிறகு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டாளாம்.

மூன்று வருடம் கழித்து நான் திரும்பி வந்தபோது சித்தி இதையெல்லாம் யாருக்கோ நடந்ததுபோல் சொன்னாள். இப்போது வீட்டில் டியூஷன் எடுக்கிறாள். கல்லூரியில் ஒவ்வொரு பருவமும் முடிந்த பன்னிரண்டாம் நாள் விடியும் முன்பே போனுக்குச் சார்ஜ் ஏற்றி வைக்கிறாள். என்னை மட்டும் அவள் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த நாட்களில் நான் ஒரு சரக்குக் கப்பலில் சமையல் எடுபிடியாக இருந்தேன். நடுக்கடலில் சிக்னல் கிடையாது. கரை தெரிந்த அன்று போன் விடாமல் துடித்தது. இருபது நாளைக்கு முன், ஒரு காலை ஒன்பது மணிக்கு அவள் அனுப்பியது அப்போதுதான் வந்து சேர்ந்தது:

"அடிக்கிறதா வேண்டாமான்னு தெரியலடி. எதுக்கும் பயப்படாதவ நீ ஒருத்திதான். வேண்டாம்னு ஒரு வார்த்தை அனுப்பு, எனக்கு அது போதும். பத்து மணி வரைக்கும் உள்ள போகாம நிக்கிறேன்."