புகையிலை தொட்ட விரல்கள்

எண்பதுகளின் தொடக்கம். அந்த டிசம்பரோடு எஸ்டேட் ஆலையில் எனக்கு வேலை முடிகிறது. வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் ஒப்படைக்க வேண்டும். பக்கத்து ஊரான கோலா தெர்லாவில் ஒரு தவுக்கே, சீனக் காய்கறித் தோட்ட முதலாளி, தன் நிலத்தின் ஓரத்தை எங்களுக்கு விட்டிருந்தார். முதல் தக்காளி ஒழுங்காக விளைந்தால் அங்கேயே குடிசை போட்டுக்கொள்ளலாம் என்பது பேச்சு. என் மனைவிக்கு முழங்கால் வலி. எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுப்பதை அவளும் அத்துடன் விட்டுவிடுவதாக இருந்தாள்.

பன்னிரண்டு வரிசை நட்டோம். பக்கக் கிளைகளைக் கிள்ளுவது அவள் வேலை. கத்தி கிடையாது. கொழுந்து எடுக்கும் அதே வேகத்தில் இரண்டு கையாலும் கிள்ளிக்கொண்டே போவாள். வரிசை முடிந்ததும் இடுப்புப் பையிலிருந்து புகையிலையைக் கிள்ளி வெற்றிலையோடு வாயில் போட்டுக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போவாள். எந்த நாளில் எந்த வரிசை என்று நான் நோட்டில் குறித்து வந்தேன்.

ஆறாம் வாரம் முதல் வரிசை இலைகளில் வெளிறிய திட்டுகள் தெரிந்தன. மருந்து அடித்தோம். கெட்ட இலைகளை அவள் கவனமாகக் கிள்ளி எறிந்தாள். அடுத்தடுத்த வரிசைகளும் வெளிறின.

டவுனில் இரவல் வாங்கிய விவசாயப் புத்தகத்தில் அதே இலையின் படம் இருந்தது. வைரஸ். அது பூச்சியல்ல. தின்பதில்லை, மூச்சு விடுவதில்லை. வெளியே இருக்கும்வரை தூசி மாதிரிதான். காய்ந்த புகையிலையில்கூட வருடக்கணக்கில் சும்மா கிடக்கும். நகம் பட்ட சின்னக் காயம் போதும், செடியின் உயிரணுவுக்குள் நுழைந்துவிடும். நுழைந்தபின் அந்த அணு தன் வேலையை விட்டுவிட்டு வைரஸுக்கு வைரஸாகச் செய்து கொடுத்துக்கொண்டிருக்கும். அதை மட்டும் கொல்ல மருந்து இல்லை. வேர்விட்ட இடத்தை விட்டுச் செடி எங்கே போகும்?

நோட்டை எடுத்துப் பார்த்தேன். அவள் கிள்ளிய வரிசைகள் கிள்ளிய ஒழுங்கிலேயே வெளிறியிருந்தன. அவள் காய்ச்சலில் படுத்ததால் விட்டுப்போன கடைசி இரண்டு மட்டும் பச்சை. அவள் கையென்று எப்படிச் சொல்வது? இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அதற்குள் அவள் பதினோராவது வரிசையைக் கிள்ளி முடித்திருந்தாள்.

"உன் புகையிலைக் கையில இருந்துதான் இந்த நோய் போயிருக்கும் போல," என்றேன்.

"என் கையா? இருபது வருசமா இந்தக் கைதான் கொழுந்து எடுக்குது. தேயிலைக்கு ஒன்னும் ஆகலியே லா!"

"தேயிலைக்கு இது ஒட்டாது. தக்காளியும் புகையிலையும் ஒரே குடும்பம்."

"ஆமா, பெரிய குடும்பம்! பொண்ணு கேட்டு வந்துச்சாக்கும்," என்று சிரித்தாள். முந்தாநாள் தேதி போட்டு, வெளிறிய வரிசைகளைக் குறித்திருந்த நோட்டைக் காட்டினேன். சிரிப்பு நின்றது.

"முந்தாநாளே தெரியுமா உங்களுக்கு? தெரிஞ்சும் எழுதிக்கிட்டு உக்காந்திருந்தீங்களா?"

பதினோரு வரிசையையும் பிடுங்கி எரித்தோம். தவுக்கே லோரியை நிறுத்திவிட்டு வந்து, மிஞ்சிய ஒரு வரிசையைப் பார்த்தார். மண்ணிலும் அது கொஞ்ச காலம் இருக்கும் என்றார்; இனி அந்த இடத்தில் அவரே முட்டைக்கோஸ் போட்டுக்கொள்வதாகவும் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஜனவரியில் லயத்து வீடு அவள் பெயருக்கு மாறியது. அது அவள் பெயரில் இருக்க வேண்டுமானால் அவள் தினமும் கொழுந்து எடுக்க மலைக்குப் போக வேண்டும். முதல் நாள் காலை அவள் முழங்காலில் துணியைச் சுற்றிக் கட்டினேன்.

"இறுக்கிக் கட்டுங்க. எறக்கத்துலதான் உயிர் போவுது," என்றாள்.