பொன்மணிக்கு வந்த கவுன்

இன்று பழைய பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை அடித்தது. தென்காசியில் நான் படித்த மிஷன் விடுதியின் நீளக் கூடமும், சாரலில் காயாமல் கொடியில் தொங்கும் பாவாடைகளும், மாதக் கடைசி சனிக்கிழமையில் வரிசையாக உட்கார்ந்து வெளிநாட்டுச் சபைகளுக்குக் கடிதம் எழுதும் எங்கள் பேனாக்களின் கீறலும் அந்த வாசனையோடு வந்துவிட்டன. இப்போது அங்கே ஒரு லாட்ஜ் நிற்கிறது.

எங்களில் ஒவ்வொருத்தியின் படிப்பையும் கடல் கடந்த ஒரு சபை ஏற்றிருந்தது. என் பக்கத்துப் பாயில் படுக்கும் புளியறைப் பொன்மணிக்கு அவளுடைய சபை வருஷாவருஷம் கவுன் அனுப்பும்.

ஒரு ஆடியில் பொன்மணி காய்ச்சலில் இறந்துபோனாள். அந்த மாதக் கடைசியில் விடுதி டீச்சர் அவளுடைய கடிதத் தாளையும் என் முன்னால் வைத்தார்கள்.

"ஏட்டி, அவ இல்லன்னு தெரிஞ்சா சபை கைவிட்டுரும். அவ தங்கச்சிய அவ எடத்துல சேக்குற வரைக்கும் நீ எழுது" என்றார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சுகமாயிருக்கிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று அவள் பெயரில் எழுதினேன். கவுனுக்காகச் சபையார் உயரம் கேட்டிருந்தார்கள், சுவரோரம் நின்று அளந்து என் உயரத்தை எழுதினேன்.

கிறிஸ்துமஸுக்குப் பொன்மணி பெயரில் அந்துருண்டை மணக்கும் பார்சல் வந்தது. யாரும் இல்லாதபோது அந்தக் கவுனைப் போட்டுப் பார்த்தேன். எனக்கு அவ்வளவு சரியாக இருந்தது.